கூடிப் படித்தால் மார்க் யாருக்கு?

வகுப்பில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு சார்ட் செய்கிறீர்கள். ஒருவர் எழுதுகிறார், ஒருவர் படம் வரைகிறார், ஒருவர் வேடிக்கை மட்டும் பார்க்கிறார். கடைசியில் எல்லோருக்கும் ஒரே மார்க்! 'இது என்ன நியாயம்?' என்று உங்களுக்கும் கோபம் வந்திருக்கும், இல்லையா?

இதற்கு இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள் கண்டுபிடித்த வழியைக் கேளுங்கள்.

1971ம் ஆண்டு. டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரம். அதுவரை தனித்தனியே படித்த வெள்ளையர், கறுப்பர், மெக்சிகோ வம்சாவளிக் குழந்தைகள் அப்போதுதான் ஒரே வகுப்பில் சேர்ந்தனர். ஒருவரை ஒருவர் பிடிக்கவில்லை. அடிதடி கூட நடந்தது.

உதவிக்கு வந்தார் எலியட் ஆரன்சன் என்ற உளவியல் பேராசிரியர். பாடத்தைப் பல துண்டுகளாக்கி, குழுவில் ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தார். ஒரே துண்டைப் பெற்ற வெவ்வேறு குழுவினர் ஒன்றாக அமர்ந்து அதைப் படித்தனர். பிறகு தங்கள் குழுவுக்குத் திரும்பி, மற்றவர்களுக்குச் சொல்லித் தந்தனர். படத்துண்டுகளை இணைக்கும் விளையாட்டு போல இருந்ததால், இதற்கு 'ஜிக்சா' முறை என்று பெயர்.

தேர்வு மட்டும் தனித்தனியாக! கேள்விகளோ முழுப் பாடத்திலிருந்தும் வரும். நண்பன் சொல்லும்போது கேலி செய்தால், நஷ்டம் நமக்குத்தான். அதனால், யாராவது திக்கித் திணறினாலும் பொறுமையாகக் கேட்டனர். சில வாரங்களில் பகை குறைந்தது. கறுப்பினக் குழந்தைகளும் மெக்சிகோ வம்சாவளிக் குழந்தைகளும் முன்பைவிட நன்றாகத் தேர்வு எழுதினர். வெள்ளைக் குழந்தைகளின் மார்க்கும் குறையவில்லை.

பின்னர் ராபர்ட் ஸ்லாவின் என்பவர், குழுவுக்குப் புள்ளி தரும் முறையை உருவாக்கினார். இதில் யார் அதிக மார்க் வாங்கினார் என்று பார்ப்பதில்லை; அவரவர் பழைய சராசரியை விட எவ்வளவு முன்னேறினார் என்றுதான் பார்ப்பார்கள். சராசரியாக 40 மார்க் வாங்குபவர் 52 வாங்கினால், குழுவுக்கு 30 புள்ளிகள். சராசரி 90 உள்ளவர் 85 வாங்கினால், 10 புள்ளிகள்தான்! 'மக்கு' என்று ஒதுக்கப்பட்டவர் கூட குழுவின் ஹீரோ ஆகலாம். அதனால், தெரிந்தவர் தெரியாதவருக்கு ஆசையோடு சொல்லித் தருவார்.

அடுத்த முறை குழுவாகப் படித்து முடித்ததும், புத்தகத்தை மூடிவிட்டு ஒருவரையொருவர் கேள்வி கேளுங்கள். எல்லோருமே பதில் சொல்கிறார்களா? அப்படியானால், உங்கள் குழு நிஜமாகவே பாஸ்!