நான்காவது உறுப்பு
ஆம்புலன்ஸ் பணியிலிருந்து செவிலியர் படிப்புக்குப் போகும் தாய் தந்தையருக்கு ஒரு விளக்கம்

திருக்குறளில் 95ஆவது அதிகாரம் மருந்து. அதன் கடைசிக் குறள் 950ஆவது. மருத்துவம் நான்கு உறுப்புகளால் ஆனது என்று அதில் வள்ளுவர் வகுத்துச் சொல்கிறார். நோயுற்றவன், நோயைத் தீர்க்கும் மருத்துவன், மருந்து, பக்கத்தில் இருந்து அதை முறையாகக் கொடுப்பவன் ஆகியோரே அந்த நால்வர். நான்காமவருக்கு அவர் இட்ட பெயர் 'உழைச்செல்வான்'. 'உழை' என்றால் பக்கம், அண்மை. சரக சம்ஹிதையும் இந்த நான்கையே மருத்துவத்தின் நான்கு கால்கள் என்கிறது. ஒரு கால் ஒடிந்தால் கட்டில் நிற்குமா?

உழைச்செல்வானுக்கு வேண்டிய குணங்கள் நான்கு என்று பரிமேலழகர் உரையில் காண்கிறோம். நோயாளியிடம் அன்பு, மனம் சொல் உடல் இவற்றின் தூய்மை, சொன்னதைச் சொன்னபடி செய்யும் திறம், அறிவு என்பவை அவை. சமண மரபில் நான்கு தானங்களுள் ஒன்று ஔடத தானம். சமணப் புலவர்கள் தங்கள் நீதி நூல்களுக்கே ஏலாதி, சிறுபஞ்சமூலம் என்று மருந்துகளின் பெயரை வைத்தார்கள். பிணி தீர்ப்பது அறம் என்ற எண்ணம் நம் மண்ணில் பழையது.

பழம்பெருமை பேச மட்டும் இதை எழுதவில்லை. நம் சங்கக் குடும்பங்களில் ஆம்புலன்ஸ் வண்டியில் வேலை பார்க்கும் பிள்ளைகள் இன்று இருக்கிறார்கள். அவர்களுள் ஒரு பெண், கையில் மூன்று வயதுக் குழந்தையோடு வந்து என்னிடம் கேட்டாள்: "ஐயா, நான் இனிமே நர்சிங் படிக்க முடியுமா? வயசு போயிடுச்சா? குழந்தையை வச்சுக்கிட்டு எப்படி?" அவளுக்காகத் தேடித் தொகுத்த விவரங்கள் மற்ற குடும்பங்களுக்கும் உதவும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

வண்டியில் கற்றது

108 சேவை 2005 ஆகஸ்ட் 15 அன்று ஐதராபாத்தில் தொடங்கியது. 2007இல் குஜராத்துக்கும், 2008இல் தமிழ்நாட்டுக்கும் கர்நாடகத்துக்கும் வந்தது. வண்டியில் இருவர் இருப்பார்கள். ஓட்டுபவரைப் பைலட் என்பார்கள். பின்னால் நோயாளியோடு இருப்பவர் அவசர மருத்துவ உதவியாளர், அதாவது ஈ.எம்.டி. இந்த வேலைக்கு வருகிறவர்களில் அறிவியல் பட்டதாரிகளும் உண்டு, லேப் டெக்னீஷியன் படித்தவர்களும் உண்டு. சில வாரப் பயிற்சிக்குப் பிறகு வண்டி ஏறிவிடுவார்கள்.

அங்கே கற்பது சாமானியமல்ல. மூச்சுப்பாதை அடைபட்டிருக்கிறதா, மூச்சு ஓடுகிறதா, நாடி இருக்கிறதா என்று வரிசையாகப் பார்க்கணும். ஆக்சிஜன் வைப்பது, ரத்த அழுத்தம் பார்ப்பது, ஒடிந்த எலும்புக்கு மட்டை கட்டுவது, முதுகெலும்பு அசையாமல் பலகையில் ஏற்றுவது, நின்றுபோன இதயத்துக்கு மார்பை அழுத்துவது எல்லாம் அவர்கள் வேலை. கட்டுப்பாட்டு மையத்து மருத்துவர் போனில் சொல்வதை அப்படியே செய்யணும். வழியிலேயே பிரசவம் ஆனால் குழந்தையை ஏந்துவதும் அவர்கள் கைதான். மருத்துவமனை வாசலில் இறக்கிவிட்டு, நடந்ததை எழுதி ஒப்படைத்தால் அந்த நோயாளியோடு அவர்களுக்கு உள்ள தொடர்பு முடிந்தது.

உரைகாரர் சொன்ன நான்கு குணங்களில் அன்பும், சொன்னபடி செய்யும் திறமும் இவர்களிடம் ஏற்கெனவே பழுத்திருக்கின்றன. பதறாத கையும், அழும் உறவினரிடம் பேசத் தெரிந்த வாயும் வகுப்பறையில் எளிதில் கிடைக்காதவை.

வார்டில் கற்க வேண்டியது

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லணும். வண்டியில் கழித்த ஆண்டுகளுக்காகச் செவிலியர் படிப்பில் ஓராண்டுகூடக் குறையாது. பத்து வருடம் உயிர் காத்தவரும், பிளஸ் டூ முடித்து நேரே வரும் பதினேழு வயதுப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் முதல் வருடத்திலிருந்தே தொடங்க வேண்டும். பலருக்கு இது மனவருத்தம் தரும். "எனக்குத் தெரியாத பி.பி. பார்க்கிறதா?" என்று தோன்றும்.

இதற்குக் காரணம் உண்டு. வண்டியில் ஒரு நோயாளியோடு இருப்பது ஒரு மணி நேரம் என்றால், வார்டில் பத்து நாள். அங்கே ஆபத்து சத்தம் போடாமல் வரும். படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணிக்கொரு தரம் புரட்டாவிட்டால் படுக்கைப் புண். உள்ளே போன தண்ணீரும் வெளியே போன சிறுநீரும் கணக்கில் இடிக்கிறதென்றால் சிறுநீரகத்தில் கோளாறாக இருக்கலாம். சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்ற ஐந்தையும் ஒவ்வொரு மருந்துக்கும் பார்க்கணும். இவற்றின் பின்னால் உடற்கூறு, உடலியங்கியல், நுண்ணுயிரியல், மருந்தியல், ஊட்டச்சத்து, உளவியல், குழந்தை நலம், மகப்பேறு, மனநலம், சமுதாய நலம் என்று பாடங்கள் வரிசையாக வருகின்றன. நோயாளியை ஆராய்ந்து, திட்டமிட்டு, செய்து, பலனைத் திரும்பப் பார்த்து எழுதும் பழக்கம் புதிது. நான்கில் மீதமுள்ள அறிவு என்னும் குணத்தைச் சேர்க்கத்தான் இத்தனை ஆண்டுகள்.

எந்தப் படிப்பு, என்ன தகுதி

பாதைகள் மூன்று. ஏ.என்.எம். 2 ஆண்டு, பெண்களுக்கு மட்டும். ஜி.என்.எம். என்னும் டிப்ளமோ 3 ஆண்டு. பி.எஸ்சி. நர்சிங் 4 ஆண்டு, 8 செமஸ்டர். ஜி.என்.எம். முடித்துப் பதிவு செய்தவர்கள் பிறகு 2 ஆண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படிக்கலாம்.

பி.எஸ்சி.க்கு இந்தியன் நர்சிங் கவுன்சில் விதிப்படி பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் இருக்க வேண்டும். பொதுப்பிரிவுக்கு 45 சதவீத மதிப்பெண். ஜி.என்.எம்.முக்கு ஆங்கிலத்தோடு எந்தப் பிரிவு பிளஸ் டூவும் போதும், 40 சதவீதம். காமர்ஸ் படித்துவிட்டு இப்போது பி.எஸ்சி. வேண்டும் என்பவர்கள், தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக அறிவியல் பிளஸ் டூ எழுதித் தகுதி பெறலாம். திருமணமானவர்களும் சேரலாம் என்று பி.எஸ்சி. விதிமுறையிலேயே எழுதியிருக்கிறது. "கல்யாணம் ஆனவங்களை எடுக்க மாட்டாங்க" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ராணுவச் செவிலியர் கல்லூரி மட்டும் இதற்கு விலக்கு. அங்கே குழந்தையுள்ள தாய்க்கு இடமில்லை. சில அரசுக் கல்லூரிகள் பெண்களுக்கு மட்டும் என்பதையும் ஆண்கள் கவனிக்கணும்.

தபால் வழியில் அடிப்படைச் செவிலியர் படிப்பு கிடையாது. அப்படி ஒன்றை விற்க வருபவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

இரண்டு வயதுக் கதவுகள்

முதல் கதவு படிப்பின் நுழைவாயில். பி.எஸ்சி., ஜி.என்.எம். இரண்டுக்கும் உச்ச வயது 35. ஏ.என்.எம். முடித்தவர்களுக்கு மட்டும் ஜி.என்.எம். சேர வயது உச்சவரம்பு இல்லை.

இரண்டாவது கதவு வேலையின் நுழைவாயில். பலர் இதைக் கடைசியில்தான் பார்க்கிறார்கள். எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கான நர்சிங் ஆபீசர் பொதுத்தேர்வுக்கு உச்ச வயது 30. ஓ.பி.சி.க்கு 3 ஆண்டு, பட்டியல் வகுப்பினருக்கு 5 ஆண்டு தளர்வு. பி.எஸ்சி. முடித்தவர் பதிவு செய்ததும் எழுதலாம். ஜி.என்.எம். முடித்தவருக்குக் குறைந்தது 50 படுக்கை மருத்துவமனையில் 2 ஆண்டு அனுபவமும் வேண்டும்.

இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்ப்போம். 27 வயதில் ஒரு தாய் சேருகிறாள். பி.எஸ்சி. என்றால் 31இல் முடிப்பாள். ஜி.என்.எம். என்றால் 30இல் முடித்து, அனுபவம் சேர்த்து 32இல்தான் அந்தத் தேர்வுக்குத் தகுதி. குறுக்குவழி என்று நினைத்தது ஒரு வருடம் நீளமாகிவிட்டது. பொதுப்பிரிவு என்றால் இரண்டு வழியிலும் இந்தக் கதவு அவளுக்கு மூடிவிட்டது. அவள் தனியார் மருத்துவமனையையோ, வயது வரம்பு தளர்வாக உள்ள மாநில அரசுப் பணியையோதான் நம்பணும். தெரிந்து சேர்ந்தால் ஏமாற்றம் இல்லை. தெரியாமல் சேர்ந்தால், நாலு வருஷம் கழித்து வீட்டில் பேச்சு வரும். வீட்டில் சீக்கிரம் சம்பளம் வேண்டும் என்றால் ஜி.என்.எம். நல்ல வழி. அரசுத் தேர்வுதான் குறி என்றால் பி.எஸ்சி.யே மேல்.

வருகைக் கணக்கும் வீட்டுக் கணக்கும்

பி.எஸ்சி.யில் ஒரு செமஸ்டர் 20 வாரம், வாரம் 40 மணி. கடைசி செமஸ்டர் உள்ளிருப்புப் பயிற்சி, வாரம் 48 மணி. இரவுப் பணியும் முறை வைத்து வரும். தேர்வு எழுத 80 சதவீத வருகை போதும். ஆனால் பட்டம் பெற மருத்துவமனைப் பயிற்சியில் 100 சதவீதம் வேண்டும். குழந்தைக்குக் காய்ச்சல் என்று மூன்று நாள் வார்டுக்குப் போகாவிட்டால், அந்த மூன்று நாளையும் பின்னால் செய்தே தீரணும்.

ஆகவே சேருவதற்கு முன் வீட்டில் உட்கார்ந்து மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும். காலை ஏழு மணிக்கு அவள் கிளம்பினால் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்புவது யார்? இரவுப் பணி வாரத்தில் பிள்ளை யார் பக்கத்தில் தூங்கும்? பிள்ளைக்கு உடம்பு சரியில்லாத அன்று லீவு போடப்போவது யார்? "அம்மா பாத்துக்குவாங்க" என்பது பதிலாகாது. அந்த அம்மாவிடமே கேட்டுச் சம்மதம் வாங்கணும். ஊரிலிருந்து மாமியாரோ அக்காவோ வந்து இருப்பதென்றால் எத்தனை மாதம் என்று பேசிவிடணும். தந்தை படிக்கப் போனாலும் இதே கேள்விகள்தான்.

பணத்தில், கல்லூரிக் கட்டணம் ஒரு பாகமே. நின்றுபோகும் சம்பளம், பெரிய பாகம். சீருடை, ரெக்கார்டு நோட்டு, பஸ், தேர்வுக் கட்டணம், குழந்தைக் காப்பகம் எல்லாம் சில்லறையாக வந்து மொத்தமாக அடிக்கும். வியாபாரத்தில் முதல் போடுவதற்கு முன் ஆறு மாதச் செலவுக்குக் கையிருப்பு வைப்போம் அல்லவா, அதுபோல் இங்கும் வைக்கணும். கல்விக் கடன் 4 லட்சம் ரூபாய் வரை ஈடு கேட்காமல் வங்கிகள் தர வேண்டும். படிப்புக் காலமும் மேலும் ஓராண்டும் முடிந்த பிறகு தவணை கட்டலாம் என்பது வங்கிகளின் மாதிரித் திட்டம். வட்டி மட்டும் அதுவரை ஓடிக்கொண்டே இருக்கும், மறக்கக் கூடாது.

கல்லூரி பார்க்கும்போது

கட்டடத்தைப் பார்த்து மயங்காமல், "உங்க ஆஸ்பத்திரி எங்கே?" என்று முதலில் கேளுங்கள். பி.எஸ்சி. கல்லூரிக்குக் குறைந்தது 100 படுக்கைத் தாய் மருத்துவமனை வேண்டும் என்பது பொது விதி. அங்கே ஒருநாள் மாலை போய்ப் படுக்கைகளில் ஆட்கள் இருக்கிறார்களா என்று பாருங்கள். மாநில நர்சிங் கவுன்சில் அனுமதியும் பல்கலைக்கழக இணைப்பும் இந்த ஆண்டுக்கு உண்டா என்று அந்தந்த அலுவலகத்திலேயே விசாரியுங்கள். விடுதியில் தங்கியே ஆகணுமா, வீட்டிலிருந்து வரலாமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். பெற்றோருக்கு அதுதான் முதல் நிபந்தனை. மூலச் சான்றிதழ்களைக் கொடுத்தால் ரசீது வாங்குங்கள்.

1947ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக, தேசியச் செவிலியர் ஆணையம் அமைக்க 2023இல் புதுச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. விதிகள் மாறக்கூடும். எனவே நான் மேலே எழுதியவற்றையும் சேரும் ஆண்டின் விளக்கக் கையேட்டோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

வெளிமாநிலத் தமிழர் கவனிக்க

நம்மில் பலர் தமிழ்நாட்டுச் சாதிச் சான்றிதழ் வைத்திருப்போம். குடியேறி வாழும் மாநிலத்தின் இடஒதுக்கீட்டுக்கு அது பெரும்பாலும் செல்லாது. அங்கே இத்தனை ஆண்டு படித்திருக்க வேண்டும் என்ற இருப்பிட விதியும் இருக்கலாம். பிள்ளைகளின் பள்ளிச் சான்றுகளைப் பத்திரமாக வையுங்கள். படித்து முடித்ததும் அந்த மாநில கவுன்சிலில் செவிலியர், மகப்பேறு உதவியாளர் என்று பதிவு கிடைக்கும். வேறு மாநிலத்தில் வேலை என்றால் அங்கேயும் பதிய வேண்டும். ஓய்வுக்காலத்தில் ஊர் திரும்பும் எண்ணம் உள்ளவர்கள் இதை நினைவில் வைக்கணும்.

நமக்கு ஒரு சாதகமும் உண்டு. பி.எஸ்சி. பாடம் ஆங்கிலத்தில், ஆனால் நோயாளி வலியைச் சொல்வது கன்னடத்திலோ, மராத்தியிலோ, இந்தியிலோதான். ஆம்புலன்ஸில் தெருத்தெருவாகச் சுற்றிய நம் பிள்ளைக்கு அந்தப் பேச்சு கைவந்திருக்கும்.

நம் சங்கம் ஆண்டுதோறும் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பரிசு தருகிறது. நல்ல காரியம். அதோடு, முப்பது வயதில் குழந்தையோடு படிக்க எழுந்து நிற்கும் ஒருவருக்கு ஒரு செமஸ்டர் கட்டணமோ, இரவுப் பணி வாரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு வீடோ ஏற்பாடு செய்தால் அது வித்தியா தானமும் ஆகும், ஔடத தானமும் ஆகும். அப்படிப் படித்து வரும் ஒரு செவிலியர் வார்டில் எத்தனை பேர் பக்கத்தில் நிற்பார் என்பதை எண்ணிப் பார்த்து அன்பர்கள் முடிவு செய்ய வேண்டுகிறேன்.