தண்ணீரைக் குறைத்தால் தீருமா?

என் பெரிய அத்தைக்கு வயது 76. மாமா காலமான பின், தானே விரும்பி ஒரு முதியோர் இல்லத்தில் சேர்ந்து கொண்டார். மாதம் ஒரு முறை போய்ப் பார்த்து வருவேன். சில மாதங்களாக அத்தை அறையை விட்டே வருவதில்லை. மாலை பஜனைக்கும் போவதில்லை. கேட்டால், "முட்டி வலிடி" என்பார்.

ஒரு நாள் தனியாக உட்கார வைத்துக் கேட்டதும், கண் கலங்கி விட்டது. "தும்மினா, இருமினா புடவை நனைஞ்சுடறது. பாத்ரூம் போறதுக்குள்ளேயே ஆயிடறது. ஆயா எல்லார் எதிர்லயும் கத்தறா. அதான் தண்ணியே குடிக்கறதில்லை" என்றார். பக்கத்து அறைப் பாட்டிகளிடம் பேச்சுக் கொடுத்தால், நாலைந்து பேருக்கு இதே கதை! ஒருவருக்கொருவர் சொல்லிக் கொண்டதே இல்லை. பொறுப்பாளரோ, "வயசானா அப்படித்தாம்மா, டயாபர் போட்டுடலாம்" என்றார்.

என் மனசு கேட்கவில்லை. டாக்டரிடம் அழைத்துப் போனேன். பரிசோதனையில் சிறுநீரில் கிருமித் தொற்று இருந்தது. "தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் அடர்த்தியாகி, பையை உறுத்தும், அவசரம் கூடுமே தவிர குறையாது. மலச்சிக்கலும் சேர்ந்தால் இன்னும் மோசம்" என்றார். தொற்றுக்கு மருந்து கொடுத்து, மாலையில் சாப்பிட்டு வந்த பிரஷர் நீர் மாத்திரையைக் காலைக்கு மாற்றினார். சர்க்கரையையும் பார்க்கச் சொன்னார்.

பிரசவத்தாலும், மாதவிடாய் நின்ற பிறகும் இடுப்பின் அடித்தசைகள் தளர்ந்து போகுமாம். அதற்கு ஒரு பயிற்சி உண்டு. 1948-லேயே கீகல் என்ற அமெரிக்க டாக்டர் எழுதியது. சிறுநீரை அடக்குவது போல் தசையை இறுக்கி, 5 விநாடி வைத்து, 5 விநாடி தளர்த்த வேண்டும். 10 தடவை வீதம், தினம் 3 வேளை. மூச்சை அடக்கக் கூடாது. சிறுநீர் கழிக்கும்போது செய்யக் கூடாது. மூன்று மாதமாவது விடாமல் செய்தால்தான் பலன் தெரியும்.

ஆயாவையும் குறை சொல்ல மாட்டேன். அத்தனை பேருக்கு அவள் ஒருத்திதான். "2 மணிக்கு ஒரு தரம் நீயே கேட்டு அழைச்சிட்டுப் போ. துணி மாத்தற வேலை உனக்கும் மிச்சம்" என்று பக்குவமாகச் சொன்னேன். பொறுப்பாளரிடம் பேசி, ராத்திரி விளக்கும், கட்டிலருகே கமோடு நாற்காலியும் போட வைத்தேன். அவிழ்க்கச் சுலபமாக நைட்டி வாங்கிக் கொடுத்தேன்.

முழுசாக நின்று விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால், இப்போது பஜனையில் முதல் வரிசையில் அத்தைதான்!

சகோதரிகளே, உங்கள் அம்மாவோ, மாமியாரோ, அத்தையோ இல்லத்தில் இருந்தால், பழம், பிஸ்கெட் வாங்கிப் போவதோடு நிறுத்தாதீர்கள். "நல்லா தண்ணி குடிக்கறீங்களா? பாத்ரூம் போக சிரமமா இருக்கா?" என்று கதவைச் சாத்திக் கொண்டு கேளுங்கள். அவர்களாக வாய் திறக்க மாட்டார்கள்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி.