எந்தத் தோட்டா, எதற்கு?

சென்ற பொங்கல் விழாப் பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்த நம் சங்க அன்பர் ஒருவர், சாம்பார் சாதம் முடிந்து ரசம் வருவதற்குள் ஒரு கேள்வியைப் போட்டார். ஊருக்கு வெளியே நாலு ஏக்கர் நிலம் வாங்கிக் கொண்டைக்கடலை போட்டிருக்கிறார். இரவில் காட்டுப்பன்றிகள் கூட்டமாக வந்து கிளறிப் போட்டுவிடுகின்றன. முயல் தொல்லை வேறு. தகப்பனார் காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று, முறைப்படி லைசென்ஸ் தம் பெயருக்கு மாற்றி வாங்கியது, பீரோவில் இருக்கிறது. "பன்றிக்கு எந்தத் தோட்டா சார், முயலுக்கு எந்தத் தோட்டா? கடைக்காரர் என்னவோ நம்பர் நம்பராகச் சொல்கிறார்" என்றார்.

நான் வேட்டைக்காரன் அல்ல. ஆனால் ரயில்வே உத்தியோகத்தில் பல வருஷம் காட்டுப் பகுதி ஸ்டேஷன்களில் கழித்தவன். துப்பாக்கி வைத்திருந்த கான்டிராக்டர்களும் சக ஊழியர்களும் அங்கே நிறைய. எந்த இயந்திரத்தைக் கண்டாலும் பிரித்துப் பார்க்கும் புத்தி எனக்கு. அதனால் அந்த எண்களின் கணக்கு தெரியும். பந்தியில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். பீரோவில் அப்பாவின் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் நம்மில் இன்னும் சிலர் உண்டு என்று தெரியும்.

முதலில் சட்டம். துப்பாக்கி லைசென்ஸ் என்பது வேட்டை லைசென்ஸ் அல்ல. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு முயல், கௌதாரி, காடை, பன்றி எதையும் நம் இஷ்டத்துக்குச் சுட முடியாது. பயிரை அழிக்கும் பன்றியானாலும், மாநிலத் தலைமை வனவிலங்குக் காப்பாளரோ அவரால் அதிகாரம் பெற்றவரோ, காரணம் காட்டி எழுத்தில் அனுமதி தரவேண்டும். சுட்ட பிறகு அந்த உடல் அரசாங்கச் சொத்து. சமையலறைக்கு வராது. பழைய சட்டத்தில் காகம், எலி, பழந்தின்னி வௌவால் ஆகியவற்றைத் தொல்லைப் பிராணிகள் என்று ஐந்தாம் அட்டவணையில் வைத்திருந்தார்கள். 2022ஆம் ஆண்டுத் திருத்தம் 2023 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்தபோது அந்த அட்டவணையே போய்விட்டது. மத்திய அரசு குறிப்பிட்ட பகுதிக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு பிராணியைத் தொல்லைப் பிராணி என்று அறிவிக்கலாம். 2015 டிசம்பரில் பீகாரின் சில மாவட்டங்களில் நீல்காயையும் காட்டுப்பன்றியையும் அப்படி அறிவித்தார்கள். 2016 ஜூனில் மோகாமா பக்கம் வெளியூரிலிருந்து துப்பாக்கிக்காரர்களை வரவழைத்து 200க்கும் மேற்பட்ட நீல்காய்களைச் சுட்டதும், அதைப் பற்றி டில்லியில் மந்திரிகளே வெளிப்படையாகச் சண்டை போட்டுக்கொண்டதும் நினைவிருக்கலாம். கேரளத்தில் 2022 முதல் பன்றி விஷயத்தில் பஞ்சாயத்துத் தலைவருக்கே அனுமதி தரும் அதிகாரம் உண்டு. ஒவ்வொரு மாநிலமும் ஒரு மாதிரி. ஆகவே கடைக்குப் போகும் முன் வனத்துறை ஆபீஸ். இதைச் சொன்னதும் அன்பரின் முகம் சுருங்கியது. முயல் கதை அங்கேயே முடிந்தது.

இனி எண்களுக்கு வருவோம். நம் வீடுகளில் இருப்பது பெரும்பாலும் பன்னிரண்டு போர். ரயில்வேக்காரனுக்கு கேஜ் என்றால் தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள தூரம். அகலம் கூடினால் எண்ணும் கூடும். துப்பாக்கியில் தலைகீழ். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால், ஒரு உருண்டை எந்தக் குழலுக்குள் சரியாகப் பொருந்துமோ அது பன்னிரண்டு போர். குறுக்களவு சுமார் 18.5 மி.மீ. இருபது உருண்டைகளாக வார்த்தால் உருண்டை சிறுக்கும், குழலும் சிறுக்கும். இருபது போர் சுமார் 15.6 மி.மீ. எண் பெரிதானால் துப்பாக்கி சிறிது. இதில் சேராத ஒரே ஆள் .410. அது நேராக அங்குலக் கணக்கு.

இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்வது வெறும் பொழுதுபோக்கு அல்ல. இருபது போர் தோட்டாவைக் கைதவறிப் பன்னிரண்டு போர் துப்பாக்கியில் போட்டால், அது கீழே விழாமல் குழலுக்குள் நழுவிச் சென்று பாதியில் மாட்டிக்கொள்ளும். விசையை இழுத்தால் சத்தம் வராது. அட, போடவே இல்லை போலிருக்கிறது என்று பின்னால் சரியான தோட்டாவைப் போட்டு இழுத்தால், குழல் இடது கைக்கு மேலேயே வெடிக்கும். இதற்காகவே இருபது போர் தோட்டாக்களுக்கு மஞ்சள் நிறம் என்று உலகம் முழுக்க வழக்கம் வைத்திருக்கிறார்கள். வீட்டில் இரண்டு அளவும் இருந்தால் ஒரே டப்பாவில் வைக்கவே கூடாது.

அடுத்தது ரவை. இங்கே இந்திக்காரர்கள் சர்ரா என்பார்கள். நம் ஊரில் பால்ரஸ் என்பதும் உண்டு. தோட்டாவின் மேல் போட்டிருக்கும் எண் ரவையின் பருமன். இதுவும் தலைகீழ் கணக்குதான். இந்தியாவில் பிரிட்டிஷ் முறை. எட்டாம் நம்பர் ரவை 2.2 மி.மீ., ஒரு அவுன்சுக்குச் சுமார் 450 இருக்கும். ஆறாம் நம்பர் 2.6 மி.மீ., அவுன்சுக்கு 270. நாலாம் நம்பர் 3.1 மி.மீ., 170. பிபி என்பது 4.1 மி.மீ., 70. எஸ்ஜி என்றால் 8.4 மி.மீ., எட்டே எட்டு. எல்ஜி அதைவிடப் பெரிது, ஆறுதான். அமெரிக்கப் புத்தகத்தைப் பார்த்து நம் ஊர்த் தோட்டா வாங்காதீர்கள். அவர்களுடைய ஆறாம் நம்பர் நம்முடையதைவிடச் சற்றுப் பெரிது.

ஏன் இத்தனை அளவு? ஒரு தோட்டாவில் அடைக்கக்கூடிய ஈயம் 28 முதல் 32 கிராம் அளவில்தான். அதை நிறையச் சிறு ரவையாக அடைக்கலாம், அல்லது கொஞ்சம் பெரிய ரவையாக அடைக்கலாம். இரண்டும் சேர்ந்து கிடைக்காது. காடை போன்ற சின்னப் பறவைக்கு உடம்பு சிறிது. ரவைகள் நடுவே இடைவெளி இருந்தால் அதற்குள் புகுந்து தப்பிவிடும். அதற்கு எட்டு. கௌதாரிக்கு ஆறு. முயலுக்கு நாலு அல்லது ஐந்து என்பது வேட்டை சட்டப்படி நடந்த காலத்து வழக்கம். சின்ன ரவை காற்றில் சீக்கிரம் வேகம் இழக்கும். எட்டாம் நம்பரால் முயலைச் சுட்டால் தோலுக்குள் நாலைந்து ரவையோடு அது புதருக்குள் ஓடி, இரண்டு நாள் கிடந்து சாகும். பெரிய ரவையை விரல்விட்டு எண்ணும் அளவுக்குப் போட்டுச் சுட்டால் ஒன்று படும், அல்லது ஒன்றும் படாது. சரியான தோட்டா என்பது நாலைந்து ரவையாவது பட்டு, பட்ட ஒவ்வொன்றும் உள்ளே இறங்கக் கூடியது. எந்த நம்பரானாலும் 35 மீட்டருக்கு மேல் சாதாரண ரவைத் தோட்டாவை நம்பக்கூடாது.

கடையில் யாரும் சொல்லாத இன்னொரு பக்கம் இருக்கிறது. குறி தவறிய ரவை எங்கே போகும்? குறுக்களவை அங்குலத்தில் எடுத்து 2200ஆல் பெருக்கினால் ஈய ரவை அதிகபட்சம் எத்தனை கஜம் போகும் என்று வரும். பழைய கணக்கு, எளிய கணக்கு. ஆறாம் நம்பருக்குச் சுமார் 200 மீட்டர் வருகிறது. எஸ்ஜிக்கு 600 மீட்டருக்கு மேல். அன்பரின் நிலத்திலிருந்து பக்கத்துக் கிராமத்துக் கோயில் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். "அரை கிலோமீட்டர் இருக்கும் சார்" என்றார். அப்புறம் சற்று நேரம் பேசவில்லை.

ரைஃபிள் விஷயம் இன்னும் மோசம். பலரும் .22ஐ விளையாட்டுத் துப்பாக்கி என்று நினைக்கிறார்கள். 1887இல் அமெரிக்காவில் வந்த .22 லாங் ரைஃபிள் தோட்டாவின் குண்டு வெறும் 2.6 கிராம்தான், ஒரு மிளகுக் கொத்து எடை. அது ஒரு மைலுக்கு மேல் போகக் கூடியது. 1979இல் காட்டுப் பகுதி ஜங்ஷன் ஒன்றில் நாங்கள் குடியிருந்தபோது, கூட்ஸ் ஷெட்டில் பெருச்சாளித் தொல்லை. தானிய மூட்டைகளைக் குதறிவிடும். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் நண்பர் ஒருவர் தம் .22ஐ எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினார். பெருச்சாளி கிடைக்கவில்லை. குண்டு, ஷெட்டுக்குப் பக்கத்தில் கிடந்த பழைய தண்டவாளத் துண்டில் பட்டுத் திரும்பி, எங்கள் சமையலறை ஜன்னல் வழியாக வந்து, அடுப்புக்கு ஒரு முழம் தள்ளியிருந்த வெண்கலப் பானையைத் தாக்கியது. என் மனைவி காபிக்குப் பால் எடுக்கக் குனிந்திருந்தாள். பானையின் வயிற்றில் விழுந்த குழி இன்றும் இருக்கிறது. மாற்றிவிடலாம் என்று எத்தனையோ முறை சொல்லியும் அவள் அதைப் போட மறுத்துவிட்டாள். நண்பர் அப்புறம் மூன்று நாள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. பெருச்சாளிகளை முடித்தது இரண்டு இரும்புப் பொறிகளும் ஷெட்டின் அடியில் பூசிய கண்ணாடித் துண்டு கலந்த சிமெண்டும்.

மென்மையான ஈயக் குண்டு, மெதுவான வேகம், கெட்டியான பரப்பு, சாய்ந்த கோணம். இந்த நாலும் சேர்ந்தால் குண்டு உடையாமல் திரும்பும். தண்ணீர்ப் பரப்பில்கூடத் தத்திச் செல்லும். அமெரிக்காவில் மேய்ச்சல் நிலங்களில் வளை தோண்டும் பிரெய்ரி நாய் போன்ற பிராணிகளைச் சுடுபவர்களுக்கும் இதே கவலை. அதைத் தீர்க்க அவர்கள் போனது எதிர்த் திசையில்: குண்டைச் சின்னதாக்கி, வேகத்தைக் கூட்டி, பட்டவுடன் தூளாகும்படி மெல்லிய உறை போட்டார்கள். 1930 வாக்கில் கடைக்கு வந்த .22 ஹார்னெட் அந்த வழியில் ஒரு முன்னோடி. 2002இல் வந்த .17 எச்எம்ஆர் குண்டு 4.4 மி.மீ. குறுக்களவு, 1.1 கிராம் எடை, வினாடிக்கு 775 மீட்டர் வேகம். மண்ணில் பட்டால் சிதறிவிடும், பெரும்பாலும் திரும்பாது. அந்த வகைத் தோட்டாக்களை அங்கே வார்மின்ட் தோட்டா என்பார்கள். தொல்லைப் பிராணி என்ற ஆங்கிலச் சொல்லின் கிராமத்து உச்சரிப்பு அது. ஆனால் இவை சிறு பிராணிகளுக்கானவை. பன்றியின் தோள் தோலில் பட்டுத் தூளானால், வலி கண்ட பன்றி சுட்டவனை நோக்கி வரும்.

பன்றிக்கு என்ன? அனுமதி கையில் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு போரில் எல்ஜி அல்லது எஸ்ஜி, அதுவும் 25 மீட்டருக்குள். அதற்கு மேல் எட்டொன்பது ரவைகளும் விரிந்து, ஒன்றிரண்டு மட்டும் பட்டுக் காயப்பட்ட பன்றியை உண்டாக்கும். காயப்பட்ட பன்றி மறுநாள் காலை புல் அறுக்க வருகிற பெண்ணுக்கு எமன். ஒற்றைக் குண்டுத் தோட்டா இன்னும் உறுதியானது. ஆனால் பழைய இரட்டைக்குழலில் ஒரு குழலின் வாய் சற்றுக் குறுகியிருக்கும், ரவை பரவாமலிருக்க. அதில் எந்தக் குண்டையும் போட்டுவிட முடியாது. குறுகிய வாய்க்கு ஏற்றது என்று பெட்டியில் எழுதியிருந்தால் மட்டுமே. வடக்கே விவசாயிகளிடம் அதிகம் காணப்படும் .315 ரைஃபிள் பன்றிக்குப் போதுமானதற்கு மேல். இராணுவத் தோட்டா குடிமக்கள் கைக்குப் போகக்கூடாது என்று வெள்ளைக்காரன் காலத்தில் வந்த அளவு அது. சமவெளியில், வீடுகள் தெரியும் இடத்தில், மேட்டின் மேலிருந்து மண்ணை நோக்கிச் சுட்டாலொழிய எனக்கு அதில் சம்மதமில்லை.

இரண்டு வாரம் கழித்து அன்பர் தோட்டாக்களைக் கொண்டுவந்து காட்டினார். துப்பாக்கியை வீட்டில் விட்டுவிட்டு, குழலின் அடியில் பொறித்திருந்த எழுத்துகளைத் தாளில் எழுதி வந்திருந்தார். நல்ல பழக்கம். அதில் இரண்டரை அங்குலம் என்று இருந்தது. அதாவது 65 மி.மீ. அறை. கடையில் புதிதாக வாங்கியிருந்த பெட்டியில் 70 மி.மீ. "உள்ளே சரியாகப் போகிறதே சார்" என்றார். போகும். தோட்டாவின் வாய் மடித்திருப்பதால் போகும். சுடும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் குழலின் குறுகும் பகுதியில் நெருங்கும். அழுத்தம் ஏறும். அரை நூற்றாண்டு வயதான குழல் அதை எத்தனை முறை தாங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கூடவே அப்பா காலத்துத் தோட்டாக்கள் ஆறு. காகிதக் கூடு மழைக்காலங்களில் ஈரம் குடித்து வீங்கியிருந்தது, பித்தளை அடியில் பச்சை. பனிமூட்டத்தில் தண்டவாளத்தில் வைக்கும் பட்டாசு சிக்னல்களைத் தகரப் பெட்டியில் வைத்து, தயாரித்த ஆண்டு பார்த்து, பழையதை முதலில் தீர்க்க வேண்டும் என்று ரயில்வேயில் விதி உண்டு. வீட்டில் யாரும் அப்படிச் செய்வதில்லை. ஈரப்பட்ட தோட்டா வெடிக்காமல் போவதுகூடப் பரவாயில்லை. தாமதித்து வெடிப்பதுதான் ஆபத்து. விசை இழுத்தும் சத்தமில்லை என்றால், குழலை ஆளில்லாத திசையில் வைத்தபடியே அரை நிமிஷம் எண்ண வேண்டும். உடனே மடக்கித் திறந்து பார்க்கக் கூடாது. அரைகுறையாகப் 'புஸ்' என்று மட்டும் சத்தம் வந்திருந்தால், அடுத்த தோட்டாவைப் போடுவதற்கு முன் இரண்டையும் எடுத்துவிட்டுக் குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

"சரி தம்பி, என்ன செய்யப் போகிறீர்கள்?" என்றேன். பட்வாரியிடம் சேதச் சான்று வாங்கி வனத்துறையில் மனுக் கொடுத்திருப்பதாகவும், அதற்குள் சூரிய மின்வேலிக்கு விலை கேட்டிருப்பதாகவும் சொன்னார். 70 மி.மீ. பெட்டியைக் கடைக்காரர் லைசென்ஸில் பதிவைத் திருத்தி மாற்றிக் கொடுத்தார். வீங்கிப்போன ஆறையும் குப்பையில் போடாமல், எண்ணிக்கையோடு எழுதிக் கொடுத்துப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கினோம். எழுத்தருக்கு அந்த ரசீதை எந்தப் புத்தகத்தில் எழுதுவது என்று தெரியாமல் ஒரு பகல் முழுக்கப் போயிற்று.