தமிழ்நாட்டுக் கிரிக்கெட் அணி: ஒரு திணையாராய்ச்சி

முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்னும் மூன்றனையும் தமிழ் பயில்வார் யாவரும் அறிவர். நிலமும் பொழுதும் முதல். அந்நிலத்திற் பிறந்து வளரும் மரமும் புள்ளும் தொழிலும் பிறவும் கரு. அந்நிலத்து மக்களின் உள்ள ஒழுக்கம் உரி. இவை அகப்பொருட்கு உரியனவாயினும், ஒரு நாட்டார் பேணி வளர்க்கும் விளையாட்டையும் இவற்றால் அளந்து காணலாம் எனத் தோன்றுகின்றது. தமிழ்நாட்டுக் கிரிக்கெட் அணி ரஞ்சிக் கோப்பைப் போட்டியில் அடைந்த வெற்றி தோல்விகளை இவ்வழியில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆராய்ச்சிக்கு இடனாகிய வினா இது: இப்போட்டி தொடங்கித் தொண்ணூறு ஆண்டுகட்கு மேலாயின. நம்மவர் இறுதியாட்டத்தை எட்டியது பன்னிரு முறை. கோப்பையைக் கைக்கொண்டதோ 1954-55, 1987-88 ஆகிய இரண்டே பருவங்களில். மும்பை அணி 2024 வரை 42 முறையும், நம் அண்டை நாடாகிய கருநாடகத்தின் அணி 8 முறையும் வாகை சூடியுள்ளன. வெங்கடராகவனையும் ஸ்ரீகாந்தையும் அசுவினையும் ஈன்ற நாடு, பத்து முறை வாயில் வரை சென்று வெறுங்கையோடு மீண்டது ஏன்?

ஆட்டத்தின் இயல்பை அறியாதார் பொருட்டுச் சில கூறுதும். இங்கிலாந்து நாட்டு அணியில் ஆடிப் புகழெய்திய நவாநகர் மன்னர் ரஞ்சித்சிங் 1933-இல் மறைந்தார். அவர் பெயரால் பாட்டியாலா மன்னர் பூபிந்தர் சிங் அளித்ததே ரஞ்சிக் கோப்பை. 1934-35-இல் தொடங்கிய இப்போட்டியில் இன்று 38 அணிகள் ஆடுகின்றன. தொடக்கச் சுற்றில் ஆட்டம் நான்கு நாள் நிகழும். காலிறுதி முதல் இறுதி வரையுள்ள ஆட்டங்கள் ஐந்து நாள். இரு தரப்பாரும் இருமுறை மட்டை பிடிப்பர். எதிரியின் இருபது விக்கெட்டுகளையும் வீழ்த்தி மிகுதியான ஓட்டமும் பெற்றவரே முழு வெற்றி பெற்றவராவர். அங்ஙனம் முடியாமல் நாட்கள் கழிந்துவிடின், முதல் இன்னிங்ஸில் முந்தியவர் யாவர் என்பது நோக்கப்படும். தொடக்கச் சுற்றில் அவ்வாறு முந்தினார்க்கு 3 புள்ளியும் பிந்தினார்க்கு 1 புள்ளியுமாம். முழு வெற்றிக்கோ 6 புள்ளி. இறுதியாட்டம் முடிவு காணாது நின்றால், முதல் இன்னிங்ஸில் முந்தியவரிடமே கோப்பை சென்று சேரும். இவ்விதியை நினைவிற் கொள்க. நம் அணியின் வரலாற்றில் இதன் கைவண்ணம் பெரிது.

இனி முதற்பொருளைக் காண்போம். நம் அணியின் தாய்நிலம் சென்னைக் கடற்கரையை ஒட்டிய சேப்பாக்கம். நிலத்தால் இது நெய்தல். 1846-இல் தோன்றிய சென்னைக் கிரிக்கெட் கழகம் ஐரோப்பியர்க்கே உரியதாய் இருந்தது. அது பொறாத புச்சிபாபு நாயுடு என்பார் இந்திய இளைஞர்க்கென 1888-இல் மதராஸ் யுனைடெட் கிளப் என்னும் சங்கத்தை நிறுவினார். ஐரோப்பியரும் இந்தியரும் நேர்நின்று ஆடுதல் வேண்டும் என்று அவர் முயன்றார். 1908-இல் மறைந்தமையால் அதனைக் கண்ணாற் காணும் பேறு பெற்றாரில்லை. 1915-இல் தொடங்கிய அம்மாகாணப் பந்தயம், பின்னர்ப் பொங்கற் காலத்துச் சென்னைக்கு ஒரு திருவிழாவாகவே விளங்கிற்று.

ரஞ்சிப் போட்டியின் முதலாட்டமும் சேப்பாக்கத்திலேயே நிகழ்ந்தது. 1934 நவம்பர் 4-ஆம் நாள் சென்னையும் மைசூரும் எதிர்ப்பட்டன. சென்னைக்குத் தலைவர் ஜான்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர். முதற்பந்தை வீசியவர், ஹாக்கி ஆட்டத்திலும் வல்லவராகிய எம். ஜே. கோபாலன். மைசூரை வீழ்த்தியவர், அமிர்தசரஸின் பெயரைத் தம் பெயரோடு கொண்ட சீக்கியராகிய ஏ. ஜி. ராம்சிங், அவர் இரு இன்னிங்ஸிலும் 35 ஓட்டங்களே கொடுத்து 11 விக்கெட்டுகளைச் சாய்த்தார். மைசூர் 48, 59, சென்னை 130. ஒரே பகலில் ஆட்டம் முடிந்தது; சென்னை ஓர் இன்னிங்ஸும் 23 ஓட்டமும் மிகுதிப்பட வென்றது. ஆங்கிலேயரும் தமிழரும் சீக்கியரும் ஒருங்கு நின்ற அவ்வணியைக் காணுங்கால், நாட்டின் பெயர் தாங்கும் அணிக்கு வேண்டுவது அந்நாட்டில் வாழ்ந்து அதன் மண்ணில் ஆடிப் பழகிய உரிமையே என்பது தெளிவாகின்றது. ராம்சிங்கின் மகன் கிருபால்சிங் 1954-55-இல் கோப்பை வென்ற அணியில் ஆடினார். அவர் மகன் அர்ஜன் கிருபால்சிங், 1988-89-இல் கோவாவுக்கு எதிராக நம்மவர் 6 விக்கெட் இழப்பிற்கு 912 ஓட்டம் குவித்தபோது முந்நூறு கடந்தவருள் ஒருவர். மூன்று தலைமுறை ஒரு நாட்டிற்கு ஆடிய குடியை அந்நாட்டுக் குடியென்னாது வேறு யாதென்பது?

கருப்பொருள், நிலத்தின் வழித்தாய் அமைவது. செம்மண் கலந்த ஆடுகளம் வெயிலில் விரைந்து உலர்ந்து வெடிக்கும். வெடித்த இடத்தில் விழும் பந்து திரும்பியும் எழும்பியும் செல்லும். கரிசற் களிமண் ஈரத்தை நெடிது பற்றுமாகலின், அதில் பந்து தாழ்ந்தும் தயங்கியும் வரும். சேப்பாக்கத்தில் இருவகை மண்ணும் உண்டு. இங்குள்ள வெயிலும் உலர்ச்சியும் சுழற்பந்து வீசுவாரை வளர்த்தன. வி. வி. குமார், வெங்கடராகவன், வாசுதேவன், அசுவின், சாய் கிஷோர் எனத் தலைமுறைதோறும் அக்கலை வழிவழி வந்துள்ளது. நெய்தலுக்கு உப்பு விளைவித்தல் எவ்வாறோ, சேப்பாக்கத்திற்குச் சுழற்பந்து அவ்வாறு.

எனினும், மண் தந்த வரமே சிற்சில வேளை மண் இட்ட தடையும் ஆயிற்று. 1972-73 பருவத்து இறுதியாட்டம் சேப்பாக்கத்தில் நிகழ்ந்தது. எதிரி பம்பாய். பந்து பெரிதும் சுழன்ற அக்களத்தில் நம்மவர் பம்பாயை 151 ஓட்டத்திற்கும் 113 ஓட்டத்திற்கும் சுருட்டினர். ஆயின், எதிரணியிலும் சுழற்பந்து வல்லார் ஒருவர் இருந்தார். பத்மாகர் சிவால்கர் என்னும் அவ்விடக்கையாளர் முதலில் 16 ஓட்டத்திற்கு 8 விக்கெட்டும், பின்னர் 18 ஓட்டத்திற்கு 5 விக்கெட்டும் கவர்ந்தார். நம்மவர் எடுத்தவை 80, 61. தன் கருவியாலேயே தான் வெட்டுண்டான் என்பதற்கு இதனினும் மிக்க சான்று வேண்டா.

களம் சுழலாது தட்டையாய் இருப்பின் நன்றாகுமோ எனின், அதுவும் ஆயிற்று. 1995-96-இல் கருநாடகமும், 2011-12-இல் இராசத்தானமும் இதே சேப்பாக்கத்தில் இறுதியாட்டம் ஆடின. இரண்டும் முடிவு காணாமல் நின்றன. இரண்டிலும் முதல் இன்னிங்ஸில் முந்திய விருந்தினரே கோப்பையை ஏந்திச் சென்றனர். பின்னதில் இராசத்தானம் 621 ஓட்டம் குவிக்க, நம்மவர் 295-இல் அடங்கினர். 2014-15-இலோ களம் மும்பையின் வான்கடே. வினய் குமாரின் விரைவுப் பந்துக்கு ஆற்றாது நம்மவர் 134-இல் வீழ்ந்தனர். கருண் நாயர் ஒருவரே 328 அடித்தார். கருநாடகம் ஓர் இன்னிங்ஸும் 217 ஓட்டமும் மிகுதிப்பட வென்றது.

இத்தோல்விகளை ஒருங்கு வைத்து நோக்கின் ஓர் உண்மை புலனாம். சுழலும் களத்தில் எதிரிக்கும் சுழற்பந்தார் உண்டு. தட்டைக் களத்தில் சுழற்பந்து மட்டும் இருபது விக்கெட்டைத் தாராது. ஈரமும் புல்லும் உள்ள களத்தில் விரைவுப் பந்தை எதிர்கொள்ளும் பழக்கம் வேண்டும். ஆகவே தன் வீட்டு முற்றத்தை மட்டும் நம்பும் அணி நெடும்போட்டியில் இறுதிவரை செல்லுதல் அரிது. 1954-55-இல் பாலு அழகணன் தலைமையில் நம்மவர் வென்றது அயலூராகிய இந்தூரில் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. ஹோல்கார் அணியின் சொந்தக் களத்தில் 478, 311 என இருமுறையும் மட்டையால் மலைபோல் குவித்து, 46 ஓட்டத்தில் வென்றனர். 1987-88-இல் வாசுதேவன் தலைமையில் இரயில்வே அணியைச் சேப்பாக்கத்தில் இன்னிங்ஸ் வெற்றி கொண்டதும் பெருங்குவிப்பினாலேயே. குறுகிய ஆட்டங்களில் இத்தடை இல்லை. ஆங்கு இருபது விக்கெட் வீழ்த்த வேண்டுவதின்று. அதனாலன்றோ நம்மவர் விஜய் ஹசாரே கோப்பையை ஐந்து முறையும் சையத் முஷ்டாக் அலி கோப்பையை மூன்று முறையும் பெற்றனர்?

குறையைப் போக்கும் மருந்து எங்குள்ளது? அணியின் பெயரிலேயே உள்ளது என்பேன். 1969-இல் மாநிலம் தமிழ்நாடு எனப் பெயர் பெற்றபின், சென்னை என்றிருந்த அணியும் அப்பெயரையே பூண்டது. பெயர் விரிந்த அளவிற்கு அணி உடனே விரிந்ததில்லை. நெடுங்காலம் தலைநகரின் சங்கங்களே அதற்கு ஊற்றாயிருந்தன. சேலத்தை அடுத்த சின்னப்பம்பட்டி என்னும் சிற்றூரில் டென்னிஸ் பந்தால் ஆடிப் பழகிய நடராஜன், 2015 சனவரியில் இவ்வணியிற் புகுந்தார். 2020-21-இல் ஆஸ்திரேலியப் பயணத்தில் மூவகை ஆட்டத்திலும் இந்தியாவுக்காக ஆடினார். அவர் சுழற்பந்தினர் அல்லர். இடக்கை விரைவுப் பந்தினர். சேப்பாக்கம் அரிதில் தருவதை உள்நாட்டுச் சிற்றூர் தந்தது! 2016-இல் தொடங்கிய தமிழ்நாடு பிரிமியர் லீக் மாவட்டங்களின் பெயரைச் சிறுவர் நாவில் ஏற்றியது. நத்தத்திலும் கோவையிலும் இன்று ரஞ்சி ஆட்டங்கள் நிகழ்கின்றன. 2024-இல் கோவையில் சௌராட்டிரத்தை இன்னிங்ஸ் வெற்றி கொண்டே நம்மவர் ஏழாண்டுக்குப்பின் அரையிறுதி கண்டனர். குறிஞ்சியும் முல்லையும் மருதமும் தத்தம் கருப்பொருளைக் கொணர்ந்தாலன்றி நெய்தல் ஒன்றே நாடாகாது.

இறுதியாக உரிப்பொருள். நெய்தலுக்கு உரியது இரங்கல். முதற்கோப்பைக்கும் இரண்டாவதற்கும் இடையே 33 ஆண்டுகள்; 1988-க்குப் பின்னரோ அதனினும் நெடிய காலம் கழிந்து, ஒரு தலைமுறை முழுதும் அவ்விரங்கலிலேயே வளர்ந்துவிட்டது. முல்லைக்கு உரியதாகிய இருத்தலும் இரங்கலைப் போன்றே காத்திருத்தல்தான். ஆயின் அது வினைமுற்றி மீள்வான் என்னும் தெளிவோடு மனையறம் பேணிக் காத்திருப்பது. நாம் பேணவேண்டிய மனையறம் யாது? கல்லூரிக் களங்களும், மாவட்டத்துச் சிற்றூர்த் திடல்களும், பலவகை மண்ணில் ஆடும் பழக்கமுமே. அவற்றைப் பேணுவோமாயின் இரங்கல் இருத்தலாகும். இருத்தல் ஒருநாள் வாகையாகும்.