அலையின் வலிமையும் யந்திரத்தின் ஆயுளும்

சமுத்திரத்தின்மீது வீசும் காற்று தன் வேகத்தில் ஒரு பகுதியை நீர்ப்பரப்புக்கு அளிக்க, அவ்வேகமே அலையாக உருக்கொண்டு, நூற்றுக்கணக்கான மைல் தூரம் பிரயாணம் செய்தும் பெரிதும் குன்றாமல் கரையை வந்தடைகிறது. அலையின் உயரம் இரு மடங்கானால் அதில் அடங்கிய சக்தி நான்கு மடங்காகும். இத்தகைய சக்தியை வேலை வாங்கலாம் என்ற எண்ணமும் புதியதன்று. 1799-ஆம் ஆண்டிலேயே பாரிஸ் நகரத்து ழிரார் என்னும் தந்தையும் மகனும் அலையால் இயங்கும் யந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார்கள்.

நம் தேசத்தில் இம்முயற்சிக்குக் களமாக அமைந்தது திருவனந்தபுரத்துக்கு அருகேயுள்ள விழிஞ்ஞம். அங்குள்ள மீன்பிடித் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவரையொட்டி, சென்னை ஐ.ஐ.டி. நிபுணர்களின் திட்டப்படி, 150 கிலோவாட் திறனுள்ள அலைமின் நிலையம் 1991-இல் இயங்கத் தொடங்கியது. நீருக்கடியில் கடலை நோக்கித் திறந்திருக்கும் ஒரு பெரிய கான்கிரீட் அறைதான் அதன் பிரதான அங்கம். அலை ஏறும்போது அறைக்குள்ளிருக்கும் காற்று மேலே தள்ளப்படுவதும், அலை இறங்கும்போது வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படுவதுமாக, கொல்லன் உலைத்துருத்தியைப்போல் அது இடைவிடாது மூச்சு வாங்கியது. காற்று எத்திசையில் பாய்ந்தாலும் ஒரே திசையில் சுழலும்படி பெல்ஃபாஸ்ட் நகரத்து ஆலன் வெல்ஸ் என்னும் பேராசிரியர் அமைத்த டர்பைன், அந்த மூச்சை மின்சாரமாக மாற்ற உதவியது.

தத்துவம் இவ்வளவு எளிதாயிருந்தும் காரியம் கைகூடாமைக்குக் காரணம் கடலின் சுபாவமேயாகும். யந்திரம் சம்பாதிப்பது அன்றாடம் வரும் மிதமான அலைகளால். ஆனால் அதற்குச் செலவு செய்வதோ, என்றோ ஒரு நாள் வரக்கூடிய பிரசண்டமான புயலை உத்தேசித்து. நார்வே நாட்டில் பெர்கன் நகருக்கு அருகே 1985-இல் நிறுவப்பட்ட நிலையத்தை 1988-ஆம் ஆண்டின் இறுதியில் வந்த புயல் நாசமாக்கிவிட்டது. போர்ச்சுகல் கடலில் 2008-இல் மிதக்கவிடப்பட்ட மூன்று யந்திரங்கள் சில மாதங்களிலேயே துறைமுகத்துக்குத் திரும்பின. புயல் ஒருபுறமிருக்க, இரும்பை அரிக்கும் உப்பும், ஒட்டிக்கொள்ளும் சிப்பிகளும், பழுது பார்க்கத் தோணியில் செல்லவேண்டிய சிரமமும் உண்டு. நம் மேற்குக் கரையிலோ, தென்மேற்குப் பருவக்காற்றின்போது பொங்கும் கடல் மற்ற மாதங்களில் அடங்கிவிடுவதால், கிடைக்கும் மின்சாரமும் ஒரே சீராக இருப்பதில்லை. விழிஞ்ஞம் நிலையம், பிற்காலத்தில் கடல்நீரைக் குடிநீராக்கும் பரிசோதனைக்கும் பயன்பட்டபின், ஓய்வு பெற்றது.

ஆயினும் இவற்றிலிருந்து நிராசைக்கு இடமில்லை. ஸ்பெயின் நாட்டு முத்ரிகுத் துறைமுகத்தில், எப்படியும் கட்டவேண்டியிருந்த அலைதடுப்புச் சுவருக்குள்ளேயே 16 டர்பைன்களை அமைத்து, 2011 முதல் மின்சாரம் எடுத்தார்கள். சுவரின் செலவு துறைமுகத்தைச் சேர்ந்ததாகையால், மின்சாரத்தின் பாரம் குறைந்தது. ஜப்பானில் மசுதா என்பவர் வகுத்த முறையால் கப்பல்களுக்கு வழிகாட்டும் மிதவை விளக்குகள் அலையைக் கொண்டே எரிந்தன. ஆகவே, சூரிய ஒளியிலிருந்து மலிவாகக் கிடைக்கும் மின்சாரத்தோடு அலைமின்சாரத்தை இன்று போட்டியிட விடுவது உசிதமன்று. டீசல் எண்ணெயைக் கப்பலில் வரவழைக்கும் தீவுகளும், புதிதாக எழும் துறைமுகங்களுமே அதற்குத் தகுந்த இடங்கள். அலைதடுப்புச் சுவர் எழுப்பத் திட்டமிடும் பொறியாளர்கள், அதில் இத்தகைய அறைகளுக்கு இடமுண்டா என்பதைக் கல் கொட்டுவதற்கு முன்பே ஆலோசிப்பார்களாக.