தாதிப் படிப்புக்கு நாம் ஏற்கெனவே காசு கட்டியிருக்கிறோம்

உயர்தரப் பெறுபேறு வெளியானால் போதும், 'நேர்சிங் கோர்ஸ், வேலை நிச்சயம், வெளிநாட்டு வாய்ப்பு' என்ற நோட்டீஸ்கள் ஊர்களுக்குள் வந்துவிடும். மட்டக்களப்பின் கரடியனாறு போன்ற விவசாயக் கிராமங்களில் ஒரு போகத்து நெல் விற்ற காசும், அது போதாவிட்டால் ஈடு வைத்த நகையும் அந்த நோட்டீசை நம்பிப் போகின்றன. பிள்ளையைத் தாதியாக்க வேண்டும் என்ற பெற்றோரின் ஆசையில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் காசைக் கொடுக்கும் முன் தெரிந்திருக்க வேண்டிய விடயங்கள் சில இருக்கின்றன.

இலங்கையில் அரச தாதியர் பயிற்சிக்குக் கட்டணம் கிடையாது. மட்டக்களப்பிலும் தாதியர் பயிற்சிக் கல்லூரி இயங்குகிறது. மூன்று ஆண்டுப் பயிற்சிக் காலத்தில் மாணவருக்கு மாதாந்தக் கொடுப்பனவும் உண்டு. விண்ணப்பம் வர்த்தமானியில் வரும். தெரிவு உயர்தரப் பெறுபேற்றை வைத்தே நடக்கும். 'உள்ளே ஆள் இருக்கிறார், இடம் எடுத்துத் தருகிறேன்' என்று யாராவது காசு கேட்டால் அது மோசடி. பிள்ளையாரடியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழக சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடத்தில் தாதியியல் பட்டப்படிப்பும் இருக்கிறது. அதற்கும் கற்கைக் கட்டணம் இல்லை.

இதை அரசின் தர்மம் என்று நினைக்கக் கூடாது. 2024 ஜனவரி முதல் பெறுமதிசேர் வரி நூற்றுக்குப் பதினெட்டு. கடையில் சவர்க்காரம் வாங்கும் கூலித் தொழிலாளியின் காசும் அந்தக் கல்லூரியை நடத்துகிறது. பிலிப்பைன்ஸில் தாதியர் கல்லூரிகளில் பெரும்பாலானவை தனியாருடையவை. குடும்பமே செலவு செய்து படிப்பித்து, பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பி அந்தச் செலவை மீட்க வேண்டும். இங்கே அந்தச் செலவை நாடு முழுவதும் சேர்ந்து சுமக்கிறது. அதனால்தான் பயிற்சிக்குச் சேரும்போது அரச சேவை செய்வதாக ஒப்பந்தத்தில் கையொப்பம் கேட்கிறார்கள். எத்தனை ஆண்டு, இடையில் விலகினால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும், பிணை நிற்பவரின் பொறுப்பு என்ன என்பதை வாசித்து விளங்கிய பிறகே பெற்றோர் கையொப்பமிட வேண்டும். நாம் செலவழித்துப் பயிற்றிய தாதியைப் பணக்கார நாடொன்று எடுத்துக்கொள்ளும்போது அந்தச் செலவை அது திருப்பித் தருவதில்லை. சுகாதாரப் பணியாளர்களை வெளிநாடுகள் ஆட்சேர்ப்பது பற்றி உலக சுகாதார நிறுவனம் 2010இல் ஒரு நடத்தைக் கோவையைக் கொண்டுவந்தது. அதுவும் நாடுகள் விரும்பினால் பின்பற்றும் ஏற்பாடுதான், கட்டாயமில்லை. இது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

இனித் தனியார் பயிற்சி. எல்லாமே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. முதியோர் பராமரிப்பு, தாதி உதவியாளர் வேலைகளுக்கு நல்ல பயிற்சி தரும் இடங்கள் உண்டு. ஆனால் ஆறு மாதப் பராமரிப்பாளர் சான்றிதழை வைத்துக்கொண்டு எவரும் பதிவுபெற்ற தாதியாக முடியாது. அந்தப் பதிவைத் தருவது இலங்கைத் தாதியர் பேரவை. 'இந்தப் படிப்பை முடித்தால் பதிவு கிடைக்குமா?' என்று பேரவையிடமே கேளுங்கள். நிறுவனத்தின் வாய்ச்சொல் போதாது. தனியார் தொழிற்பயிற்சி நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்திருக்க வேண்டும். பலர் தவறுவது இதற்கு அடுத்த படியில்தான். நிறுவனம் பதிந்திருப்பது வேறு, குறிப்பிட்ட கோர்ஸ் தேசிய தொழில் தகைமைக்கு அங்கீகாரம் பெற்றிருப்பது வேறு. சுவரில் மாட்டிய பதிவுச் சான்றிதழைக் காட்டி அங்கீகாரமில்லாத கோர்ஸை விற்க முடியும். இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். மூலச் சான்றிதழ்களை எவரிடமும் விட்டுவைக்காதீர்கள்.

காசு போய்விட்டால்? வெட்கப்பட்டு மூடி வைப்பதுதான் ஏமாற்றியவருக்குப் பெரிய உதவி. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977. முறைப்பாட்டை எழுத்தில், சேவை பெற்ற மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். காலம் கடத்தினால் அந்தக் கதவு அடைபடும். வெளிநாட்டு வேலை என்று சொல்லிக் காசு வாங்கியிருந்தால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989க்கு அழையுங்கள். வேண்டுமென்றே ஏமாற்றியிருந்தால் அது குற்றம். பொலிசில் முறைப்பாட்டைப் பதிந்து பிரதி எடுங்கள். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

அதிகம் பேருக்குத் தெரியாத இன்னொரு வழி, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம். சட்டப்படி அங்கீகாரமோ அனுமதியோ பெற்ற தனியார் தொழிற்கல்வி நிறுவனங்களும் இதற்குள் வருகின்றன. கோர்ஸின் அங்கீகாரம் பற்றி எழுத்தில் கேட்டால், தகவலைத் தருவதா இல்லையா என்று பதினான்கு வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானித்துச் சொல்ல வேண்டும்.

ஆனாலும் இந்த நோட்டீஸ்கள் ஏன் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் இப்படி எடுபடுகின்றன என்பதைப் பேசாமல் விட முடியாது. அரச தாதியர் பயிற்சி இதுவரை பெரும்பாலும் உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவுகளில் சித்தியடைந்தவர்களுக்கே கிடைத்து வந்திருக்கிறது. படுவான்கரையில் பல பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானப் பிரிவே கிடையாது. கட்டணமில்லாத படிப்பின் வாசலுக்கே வர முடியாத பிள்ளைதான் கடைசியில் காசு கொடுத்துப் படிக்கப் போகிறது. எங்கள் பாடசாலையில் விஞ்ஞான, கணித ஆசிரியர் வெற்றிடம் எத்தனை, எப்போதிருந்து, உயர்தர விஞ்ஞானப் பிரிவு தொடங்க என்ன தடை என்று வலயக் கல்வி அலுவலகத்தைக் கேட்கவும் அதே தகவல் சட்டம் உதவும். விண்ணப்பத்தில் காரணம் எழுதத் தேவையில்லை. பெற்றோர் எவரும் கையொப்பமிட்டு அனுப்பலாம்.