தரைவிரிப்பு வாங்குமுன் தரையைப் பாருங்கள்

தீபாவளி நெருங்கும்போது மலைநாட்டு இல்லங்களிலே ஒரு தனிப் பரபரப்புத் தோன்றிவிடுகிறது. சுவருக்குச் சுண்ணாம்பு, பிள்ளைகளுக்குப் புத்தாடை, வருவோருக்குப் பலகாரம் என்று நீளும் பட்டியலிலே, அண்மைக் காலமாக மற்றொரு பொருளும் சேர்ந்துகொண்டிருக்கிறது. 'காபட்' என்று நாம் வழங்கும் தரைவிரிப்பே அது.

இதனை வீண் ஆடம்பரம் என்று எவரும் தள்ளிவிட வேண்டியதில்லை. பதுளையிலிருந்து மொனராகலைக்குச் செல்லும் வீதியிலே அமைந்த பசறையையும், அதனைச் சூழ்ந்த தோட்டங்களையும் அறிந்தவர்கள், மார்கழி மாதத்து விடியற்காலையிலே சீமெந்துத் தரையில் வெறுங்கால் வைப்பது எத்தகையது என்பதையும் அறிவார்கள். முதியவர்கள் பாய் விரித்துப் படுப்பதும் அந்தத் தரையிலேதான். பிள்ளைகள் புத்தகம் விரித்துப் படிப்பதும் அந்தத் தரையிலேதான். எனவே விரிப்பு வேண்டுமா என்பதன்று நமது கேள்வி. சிறுகச் சேர்த்த பணம் வீணாகாமல் அதனை வாங்குவதும் பதிப்பதும் எவ்வாறு என்பதே கேள்வி.

விரிப்புப் போயிற்று, கடன் போகவில்லை

பசறையை அடுத்த தோட்டமொன்றிலே நாம் நன்கறிந்த குடும்பம் ஒன்று உண்டு. தீபாவளி முற்பணம் கைக்கு வந்ததும், பண்டிகைக்கு மூன்று நாள் முன்னதாக, பூவேலைப்பாடு கொண்ட பிளாஸ்டிக் விரிப்பொன்றை வாங்கிவந்து லயக் காம்பரா முழுவதும் விரித்தார்கள். பண்டிகையன்று வந்தவர்கள் எல்லாரும் புகழ்ந்தார்கள். தை பிறக்கு முன்னரே அறையில் ஒரு புழுக்க நாற்றம் எழுந்தது. விரிப்பின் மூலையைத் தூக்கிப் பார்த்தபோது, அடியிலே தண்ணீர் முத்துமுத்தாக நின்றது. கரிய பூஞ்சணமும் படர்ந்திருந்தது. விரிப்பு முற்றத்துக்குப் போயிற்று. முற்பணக் கழிவோ மாதந்தோறும் சம்பளத்திலே தொடர்ந்து நடந்துகொண்டிருந்தது!

பொருளில் குற்றமில்லை, வாங்கியவர்களிடத்திலும் குற்றமில்லை. காலந்தான் பிழைத்தது. கையில் பணம் வருவது தீபாவளியை ஒட்டி; ஊவாவின் இந்தப் பக்கத்திலே பெருமழை தொடங்குவதும் அதே ஐப்பசி, கார்த்திகையில்தான். வடகீழ்ப் பருவமழை ஓயும்வரை, மண்ணிலுள்ள ஈரம் சீமெந்தின் நுண்துளைகள் வழியாக மேலே ஏறிக்கொண்டேயிருக்கும். திறந்த தரையாயின் அந்த ஈரம் காற்றோடு கலந்து போய்விடும். நீர் புகாத விரிப்பை மேலே போட்டுவிட்டால் அது எங்கே போகும்? அடியிலேயே தங்கிவிடும். நம் முன்னோர் மண்தரையைச் சாணமிட்டு மெழுகி, அதன்மேல் பன்பாய் விரித்தார்கள். பாய் காற்றை உள்ளே விட்டது. காலையில் சுருட்டி வைக்கவும் பட்டது. பிளாஸ்டிக் விரிப்புக்கு அந்த இரண்டு குணங்களும் இல்லை.

ஓர் எளிய சோதனை

தரையில் ஈரம் உண்டா என்பதை அறியப் பொறியியலாளர் எவரும் வரவேண்டியதில்லை. ஒன்றரை அடிச் சதுரமான தெளிந்த பொலித்தீன் துண்டொன்றைத் தரையில் வைத்து, நான்கு ஓரங்களையும் ஒட்டு நாடாவால் இடைவெளியின்றி ஒட்டிவிடுங்கள். ஒரு பகலும் ஓர் இரவும் சென்றபின் உரித்துப் பாருங்கள். உட்புறத்தில் நீர்த்துளி அரும்பியிருந்தாலோ, தரை கறுத்திருந்தாலோ, விரிப்புக்கு வேளை வரவில்லை என்று பொருள். சுவரோரத்திலும் அறையின் நடுவிலும் என ஈரிடங்களிலே பார்ப்பது நன்று. புதிதாகச் சீமெந்து பூசிய தரையாயின், ஒரு மாதமேனும் உலரவிட்ட பின்னரே இச்சோதனையைச் செய்தல் வேண்டும்.

ஆதலால், தீபாவளிப் பணத்தின் ஒரு சிறு பகுதியைக் கொண்டு தரையின் வெடிப்புகளை அடைத்து, வீட்டுக்குப் பின்னாலுள்ள கானைத் துப்புரவு செய்து, மழைநீர் சுவரோரம் தேங்காமல் வழிசெய்யுங்கள். எஞ்சியதைப் பத்திரப்படுத்தி, மாசி, பங்குனியிலே தரை உலர்ந்ததும் விரிப்பை வாங்குங்கள். சித்திரைப் புத்தாண்டுக்கு வீடு புதுக்கோலம் கொண்டுவிடும். நம் வீதிகளுக்குக் 'காபட்' இடுபவர்களும் கல்லடுக்கிக் கெட்டித்த அடித்தளத்தின் மேலேயே தாரை இடுகிறார்கள் அன்றோ? அடித்தளம் சரியில்லாத வீதி அடுத்த மழையிலே பள்ளமாகிவிடுவதை நாம் பார்த்தேயிருக்கிறோம்.

மாணவருக்கு ஒரு கணக்கு

அளவெடுக்கும் பொறுப்பை வீட்டிலுள்ள மாணவரிடம் கொடுங்கள். பழைய லயத்து அறைகள் பல 10 அடிக்கு 12 அடி கொண்டவை. ஆயினும் சுவர்கள் நேராக இருக்குமென்று நம்பிவிடலாகாது. ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று இடங்களில் அளந்து, பெரிய அளவையே எழுதிக்கொள்ள வேண்டும்.

அடுத்தபடியாகக் கடையிலே கேட்கவேண்டியது விலையை அன்று, சுருளின் அகலத்தை. அகலம் 6 அடி என்றும், நீளத்தில் ஓரடிக்கு 350 ரூபா என்றும் ஒரு பேச்சுக்குக் கொள்வோம். 12 அடிச் சுவரின் வழியே விரித்தால், ஓரம் வெட்டுவதற்கு அரையடி சேர்த்து, பன்னிரண்டரை அடித் துண்டுகள் இரண்டு வேண்டும். மொத்தம் 25 அடி; விலை 8,750 ரூபா. 10 அடிச் சுவரின் வழியே விரித்தாலோ பத்தரை அடித் துண்டுகள் இரண்டு போதும். மொத்தம் 21 அடி; விலை 7,350 ரூபா. அறை ஒன்றே, விரிப்பும் ஒன்றே. திசையை மாற்றியதனால் மிஞ்சியது 1,400 ரூபா. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளருக்கு அறிவிக்கப்பட்ட நாட்சம்பளம் 1,350 ரூபா. அம்மா ஒருநாள் முழுவதும் மலையேறிக் கொழுந்து பறித்து ஈட்டுவதை, பிள்ளை ஒரு தாளிலே கணக்கிட்டு மீட்டுவிடுகிறது! நீளச்சுவர் ஓரிரண்டு அங்குலம் மிகுந்திருந்தால், அலுமாரி நிற்கும் பக்கத்தில் அந்த இடைவெளியை விட்டுவிடலாம்.

பதிக்கும் கூலியும் பிறவும்

விரிப்பின் விலை மட்டுமே செலவு என்று எண்ணுவது தவறு. பேருந்திலோ முச்சக்கர வண்டியிலோ கொண்டுவரும் கூலி, ஒட்டு நாடா, பதிப்பவரின் கூலி, உட்புறம் திறக்கும் கதவு தட்டினால் அதன் அடியைச் சீவும் செலவு ஆகியனவும் உண்டு. கையிலுள்ள பணத்தில் காற்பங்கை இவற்றுக்கென ஒதுக்கிவிட்டுக் கடைக்குச் செல்வது விவேகம். ஆள் வைத்துப் பதிப்பதாயின், எவ்வெவ் வேலைகள் கூலியில் அடங்கும் என்பதை முன்னதாகவே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கூலியில் ஒரு பகுதியை வேலை முடிந்த பின்னர் கொடுங்கள்.

ஒரே அறைக்குத் தாமே பதித்துக்கொள்வதும் கடினமன்று. சுருளை மடிக்காமல் கொண்டுவந்து, ஓரிரவு தரையில் விரித்து வைத்தால் வளைவு படிந்துவிடும். குளிர்ந்த காலையில் பிளாஸ்டிக் விறைத்திருக்கும். வெயில் ஏறிய நண்பகலில் வெட்டினால் இணங்கிவரும். இரு துண்டுகளும் சேரும் பொருத்தை வாசலுக்கு நேரே வரவிடாதீர்கள். தூக்கி நிற்கும் ஓரம் முதியவர்களின் காலை இடறிவிடும்.

விறகடுப்பு எரியும் குசினிக்கு இவ்விரிப்பு வேண்டவே வேண்டாம். ஒரு தீப்பொறி போதும், அது கருகி நச்சுப் புகை எழும்பும். இஸ்தோப்புக்குத் தும்பு மிதியடி ஒன்றே தகும்.

பணம் போதாதெனில் முழு அறையையும் மூடத்தான் வேண்டுமா? தாத்தா படுக்கும் மூலைக்கும் பிள்ளை படிக்கும் மூலைக்கும் மட்டும் விரியுங்கள். இந்திய உதவியுடன் மலையகத்திலே 7 பேர்ச்சஸ் நிலத்தில் 550 சதுர அடியில் அமைந்த தனிவீடுகளுக்குக் குடிபோனவர்களும், ஆண்டுக்கு ஓர் அறையாகச் செய்துகொள்ளலாம். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பது பெரியோர் வாக்கு. வந்து பார்ப்பவர் வியப்பதற்காக வாங்கும் விரிப்பைவிட, வீட்டிலிருப்போரின் காற்குளிர் தீர்வதற்காக வாங்கும் ஒருமுழ விரிப்பே மேலானது.